இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டப் பழகுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபது வருடத்துக்கு மேலாக வலது காலை வைத்தபடி உட்கார்ந்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. முகத்துக்கு நேரே பிரேக் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் பிரேக்.

அந்தக் காலைப் பற்றி ஸ்கூலில் கதைகள் உண்டு. தியேட்டரில் படத்தில் கார் வேகமாக வந்தால் முன்சீட்டுக்காரரின் செருப்பை மிதித்துவிடுவார் என்று ஒன்று. லிஃப்ட் கீழே இறங்கும்போது தரையை அழுத்துவார் என்று இன்னொன்று. முதலாவது கட்டுக்கதை. இரண்டாவது உண்மை.

அவரிடம் பழகியவர்கள் பழகும் காலத்தில் ஒரு கீறல்கூட வாங்கியதில்லை. ஆனால் டெஸ்டில் மற்றவர்களிடம் பழகியவர்களைவிட அதிகமாகத் தோற்றார்கள். சிக்னல் சிவப்பானால் கார் தானாகவே நிற்கும் என்று அவர்களுடைய கால்கள் நம்பிவிட்டிருந்தன. ஸ்கூல் முதலாளி இதை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்களே மிதிச்சுட்டா அவங்க எப்ப சார் மிதிப்பாங்க?"

"அவங்க மிதிக்கறதுக்குள்ள ரோட்டுல போறவன் போய்ச் சேர்ந்துடுவான்."

முதலாளிக்கு மேற்கொண்டு வாதாடத் தெம்பில்லை.

பிரேக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் அக்காவோடு இருந்தார். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அக்கா டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களும் பழுது. அவர் கடைசியாகக் கீழே இறங்கியது ஓட்டுப் போடுவதற்கா பல் பிடுங்குவதற்கா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. எதுவானாலும் அது பழைய கதை. இப்போது அக்காவுக்கு ஊர் என்பது ஒரு ஜன்னலும் ஒரு போனும். போனில் 'கைமாற்று'.

கைமாற்று அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு மட்டுமான இணையதளம். வேண்டியதைக் கேட்கலாம், முடிந்ததைக் கொடுக்கலாம், காசு பேசக் கூடாது. ஏணி கேட்பார்கள். தொட்டில் கொடுப்பார்கள். வெளியூர் போகிறேன், செடிக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும் என்பார்கள். கொடுத்தவர் 'கொடுத்தேன்' என்று அழுத்த வேண்டும், வாங்கியவர் 'கிடைத்தது' என்று அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கில் ஏறும்.

அக்கா அதில் கேட்காதது இல்லை. திறக்க முடியாத பாட்டில் மூடியைத் திறந்து தர ஆள் கேட்டார். மின்சாரம் போனதால் விட்டுப்போன சீரியலில் அந்த மருமகள் மயக்கம் தெளிந்து எழுந்தாளா இல்லையா என்று கேட்டார். அதற்கு மட்டும் ஒன்பது பேர் பதில் போட்டார்கள், இரண்டு பேருக்குள் சண்டையும் வந்தது.

"உனக்கு வெக்கமே கிடையாதாக்கா?" என்பார் பிரேக்.

"கேக்கறதுல என்னடா வெக்கம்? வாய் தேஞ்சா போகுது?"

இருவரும் சிறு வயதில் மாமா வீட்டில் வளர்ந்தவர்கள். அங்கே இரண்டாம் தடவை தட்டை நீட்டினால் மாமி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கையைத் துடைத்துக்கொள்வாள். திட்ட மாட்டாள். அதைப் பார்த்துப் பார்த்து அக்கா உரக்கக் கேட்கக் கற்றுக்கொண்டாள். தம்பி பசிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டான்.

தம்பியைக் கைமாற்றில் சேர்த்துவிட்டதும் அக்காதான். சேர்ந்த நாளிலிருந்து அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். வகுப்புகள் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் தன் சொந்தக் காரில் யாரையாவது எங்காவது கொண்டுபோய் விட்டார். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் உடன்வந்தவர்களுக்கான நாற்காலிகளில் எது ஆடும், எது ஆடாது என்று அவருக்குத் தெரியும். வாரம் இரண்டு தடவை ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார். அந்த அம்மா தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால்கூட, "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பார். குடித்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய இடது கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கண்ணாடியை மாற்றினார். பிறகு கண் டாக்டரிடம் போனார்.

"நல்லா முத்திடுச்சு. வலது கண்ணு இருக்கறதால ஓட்டிக்கிட்டிருக்கீங்க. சீக்கிரம் எடுத்துடணும்" என்றார் டாக்டர். "அரை நாள் வேலைதான். ஆனா கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க. தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவோம்."

"சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கண் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லையென்றால் ஸ்கூலில் வேலை இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியும். 'கூட யாரையாவது' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அக்காவால் படி இறங்க முடியாது. அக்காவை விட்டால் கேட்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கைமாற்று அவரைப் பூட்டியது.

காலையில் போனைத் திறந்தால் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம். கீழே இப்படி எழுதியிருந்தது: 'நீங்கள் ஒரு வருடமாக எதுவும் கேட்கவில்லை. ஏதாவது ஒன்று கேட்டு, அது கிடைத்த பிறகு நீங்கள் மறுபடியும் கொடுக்கலாம்.'

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு தளத்தை நடத்தும் பெண்ணுக்குப் போன் செய்தார். அந்தப் பெண் பகலில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட். பின்னணியில் யாருடைய பல்லையோ ராவும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, இது என்ன கூத்து? திருடினவனைப் பூட்டுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். குடுக்கறவனைப் பூட்டுவாங்களா?"

"ரூல் சார். சேரும்போதே போட்டிருக்கோமே. நீங்க படிச்சிருக்க மாட்டீங்க, யாரும் படிக்கறதில்ல."

"எதுக்கு இப்படி ஒரு ரூலு?"

"முன்னாடி ஒருத்தர் இருந்தார் சார். குடுத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் குடுத்தாரு. அப்புறம் வாரா வாரம் போயி ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்க ஆரம்பிச்சாரு. ஏன் முட்டையை இந்தத் தட்டுல வெச்சீங்க, ஏன் பால் திறந்து கிடக்குதுன்னு. கடைசியில அந்த வீட்டுக்காரங்க ஃப்ரிட்ஜைக் கொண்டுபோயி அவர் வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் போட்டதுதான் இந்த ரூல்."

"நான் யார் வீட்டு ஃப்ரிட்ஜையும் திறக்கலையே."

"திறக்க மாட்டீங்க சார், தெரியும். ஆனா ஆளுக்கு ஒரு ரூல் போட முடியாதில்ல? சும்மா ஏதாவது கேளுங்க சார். வாயைத் திறங்க... இல்ல சார், உங்களைச் சொல்லல, இங்க பேஷண்ட்டைச் சொன்னேன்."

சும்மா ஏதாவது கேட்கலாம் என்பது அவருக்கு நல்ல யோசனையாகப் பட்டது. அன்று மாலையே போட்டார்: 'ஸ்க்ரூடிரைவர் தேவை. நட்சத்திர முனை.'

காபி ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. முதல் மாடியில் குடியிருப்பவர். கடைத்தெருவில் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பதால் மீன்தொட்டிக்காரர். கையில் ஸ்க்ரூடிரைவர். சிவப்புப் பிடி, பிடியில் ஒரு ஓரம் உருகியிருந்தது.

"இந்தாங்க சார்."

பிரேக் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உருகிய ஓரத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"உங்களுதுதான் சார்" என்றார் மீன்தொட்டிக்காரர். "போன வருஷம் பம்பு ரிப்பேருக்கு வாங்கினது. குடுக்கணும் குடுக்கணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். நீங்களும் கேக்கவே இல்ல."

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. டெலிபோன் ஆபரேட்டர் சிரிப்பு, மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"சரி, பரவால்ல. கொடுத்தேன்னு அழுத்திடுங்க" என்றார் பிரேக்.

"அதெப்படி சார்?"

"அழுத்துங்கன்னா அழுத்துங்களேன்."

"உங்க சாமானை உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டு, கொடுத்தேன்னு போட்டா ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா சார்? வேற ஏதாவது கேளுங்க. தொட்டி வேணுமா? ரெண்டு மீனோட தரேன்."

"வேணாம்."

"பாத்தீங்களா, கேக்க மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

டயாலிசிஸ் நாள் வந்தது. பூட்டு தளத்துக்குத்தானே, காருக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டு பிரேக் வழக்கமான நேரத்துக்கு டிக்கெட் கவுன்ட்டர் அம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கே ஏற்கனவே ஒரு பழைய நீல நிறக் கார் நின்றிருந்தது. அந்த அம்மா ஒரு கையில் பையோடு அதில் ஏறிக்கொண்டிருந்தார். பிரேக்கைப் பார்த்ததும் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றார்.

"அடடா, உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன் தம்பி. உங்க பேர்ல பூட்டு விழுந்திருந்தது. அதனால தளத்துல போட்டேன், இவர் வந்துட்டாரு."

"பூட்டு கிடக்கட்டும்மா. நான்தான் வந்துட்டேனே. வாங்க."

அந்த அம்மா டிரைவர் சீட்டில் இருந்த மீசைக்காரரைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தாமலே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. இவருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாச்சாம். போட்டோவெல்லாம் இன்னும் மூட்டையா கட்டிக் கிடக்காம். ஆல்பத்துல ஒட்டித் தர முடியுமான்னு கேட்டாரு. எனக்குக் கத்தரிக்கோலும் பசையும் குடுத்தா நாள் போறதே தெரியாது. ஒட்டித் தந்துக்கிட்டிருக்கேன்."

"நல்லதும்மா."

"உங்க கார்ல ஏறினா நான் பேஷண்ட் தம்பி. இதுல ஏறினா நான் ஆல்பம் ஒட்டறவ." குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. கவுன்ட்டரில் ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். "நீங்க ஒரு வாய் தண்ணிகூட குடிச்சதில்லையே."

நீலக் கார் கிளம்பிப் போனது. பிரேக் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். எதிர் வீட்டு வாசலில் ஒருவர் பைக் கழுவிக்கொண்டிருந்தார். வழி கேட்பதற்காக நிற்கிறாரோ என்று அவர் குழாயோடு நிமிர்ந்து பார்த்தார். பிரேக் தலையசைத்து இல்லை என்றார்.

மறுநாள் காலை வகுப்பு பேக்கரிப் பெண்ணுக்கு. பேக்கரியில் மாவு பிசைபவள். கடையின் வேன் டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, லைசென்ஸ் எடுத்தால் அந்த வேலை உனக்கு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஏற்கனவே இரண்டு தடவை டெஸ்டில் தோற்றிருந்தாள். இரண்டு தடவையும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனதற்காக.

"ஸ்டீயரிங் மாவு இல்லம்மா. பிசையாதீங்க."

"சரி சார்."

"தோளை இறக்குங்க."

"சரி சார்."

பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய தெருவில் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் நடைபாதையிலிருந்து, தலையில் ஒரு முழு மெத்தையைச் சுமந்தபடி ஒருவர் சாலையில் இறங்கினார். மெத்தை இரண்டு பக்கமும் தொங்கியதால் அவருக்குக் கார் தெரியவில்லை. பிரேக்குக்கு அவர் தெரியவில்லை.

கார் குலுங்கி நின்று அணைந்தது. பானெட்டுக்கு ஒரு கை தூரத்தில் மெத்தை கடந்து போனது. சுமந்தவர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிரேக் தன் காலைப் பார்த்தார். அது பெடலின் மேல் லேசாக, வைத்தது வைத்தபடி இருந்தது.

"சார்" என்றாள் பேக்கரிப் பெண். மூச்சு வாங்கியது. "நீங்க மிதிக்கல."

"நீங்கதான் மிதிச்சுட்டீங்களே. அப்படித்தான் மிதிக்கணும். ஸ்டார்ட் பண்ணுங்க."

"நீங்க மிதிப்பீங்கன்னுதான் சார் பாத்துக்கிட்டிருந்தேன். உங்க கால் அசையவே இல்ல. பயத்துல மிதிச்சுட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா. பின்னாடி வண்டி நிக்குது."

அவள் ஸ்டார்ட் செய்து ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியைத் திருகி அணைத்தாள். கேட்காமல் வண்டியை அணைப்பது ஸ்கூல் விதிகளுக்கு விரோதம்.

"அங்க சுவர் ஓரமா ஒரு நாய் நிக்குதே, அது என்ன நிறம் சார்? தலையைத் திருப்பாம சொல்லுங்க."

"என்னம்மா விளையாட்டு இது?"

"சொல்லுங்க சார்."

"கறுப்பு."

"அங்க நாயே இல்ல சார்."

பிரேக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்து மாதங்கள் ஆகிவிட்டன.

"புரை" என்றார். "எடுக்கணும்."

"எடுத்துக்க வேண்டியதுதானே?"

"கூட ஆள் வரணும்கறாங்க."

"வரச் சொல்லுங்க."

"யாரை?"

அவள் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இந்த ஏரியாவுல பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதான் சார். எங்க கடைக்காரரோட மாமியார் உட்பட. யாரைன்னு என்னைக் கேக்கறீங்க?"

அவர் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக் காரில் டிக்கெட் கவுன்ட்டர் அம்மா உட்காருவது எப்போதும் இடப்பக்கம்.

ஸ்கூலுக்குத் திரும்பியதும் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். முதலாளி கொஞ்சம் திட்டினார், அதிகம் இல்லை. கண்ணைச் சரி செய்துகொண்டு வரும்வரை வர வேண்டாம் என்றார். லைசென்ஸ் தேதி தாண்டிவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னார். அவருடைய மாணவர்களைக் கும்பகர்ணனிடம் மாற்றினார்கள். அவர் ஸ்கூலின் இன்னொரு பயிற்சியாளர், காரில் ஏறி பெல்ட் போட்ட உடனே கண் சொருகிவிடும்.

வீட்டுக்கு நேரத்தோடு வந்த தம்பியை அக்கா ஏறிட்டுப் பார்த்தார். குறுக்கெழுத்தை மடித்து வைத்தார்.

"அக்கா, எனக்கு இடது கண்ணு சரியா தெரியல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இடது பக்கம் வெச்ச டம்ளரையெல்லாம் தட்டிவிட்டா தெரியாதா? கண்ணாடி டம்ளர் செட்டுல பாதி போச்சு. அதான் இப்பல்லாம் வலது பக்கமா வெக்கறேன்."

அவர் மேஜையைப் பார்த்தார். தண்ணீர் டம்ளர் வலப்பக்கம் இருந்தது. எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீயா வாயைத் திறப்பேன்னு பாத்தேன். டம்ளர் தீர்ந்துடுமோன்னுதான் பயமா இருந்தது. போனை எடு."

போனை எடுத்தார். கட்டை விரலால் எழுதுவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. முதலில் 'ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது' என்று எழுதினார்.

"படி" என்றார் அக்கா. படித்தார்.

"யாருடா அந்த ஒருத்தர்? ஜப்பான்காரனா? உனக்குன்னு போடு."

'எனக்கு' என்று மாற்றினார். 'வேறு வேலை எதுவும் இல்லாமல், வர வசதிப்பட்டு, சிரமமும் இல்லையென்றால் யாராவது...'

"நிறுத்து. இப்படி இழுத்தா படிச்சு முடிக்கறதுக்குள்ள உனக்கு வலது கண்ணும் போயிடும். நான் எப்படிக் கேப்பேன்?"

"மூடியைத் திறக்க ஆள் வேணும்னு கேப்ப."

"அவ்வளவுதான். அதே மாதிரி கேளு."

அவர் எல்லாவற்றையும் அழித்தார். கடைசியில் நின்றது இதுதான்: 'எனக்குக் கண் ஆபரேஷன். கூட வந்து, முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விட ஒருவர் வேண்டும்.' அழுத்தும் இடத்தின் மேல் விரல் அப்படியே நின்றது. அக்கா எட்டி அவர் விரலைத் தட்டிவிட்டார்.

"கூட ஆபரேட்டர் இல்லேன்னா இந்த வீட்டுல ஒரு லைனும் கிடைக்காது" என்றார்.

பதில்கள் வரத் தொடங்கின. அக்கா சத்தமாகப் படித்தார். நீலக் கார் மீசைக்காரர் வருகிறேன் என்றார். முன்பு பிரேக் பிரசவத்துக்கு அழைத்துப் போன ஒரு பெண், குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். மீன்தொட்டிக்காரர், 'இதுக்கு கொடுத்தேன்னு தாராளமா அழுத்துவேன்' என்று எழுதியிருந்தார். டிக்கெட் கவுன்ட்டர் அம்மா, தன்னால் ஓட்ட முடியாது, ஆனால் அவர் உள்ளே இருக்கும்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியும், தனக்குப் பழக்கமான இடம்தான் என்று எழுதினார். படிக்கப் படிக்க பிரேக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். அவருக்குச் சந்தோஷமாக இல்லை. சட்டையில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

"யாரைச் சொல்லட்டும்? மீசைக்காரர் நல்லா ஓட்டுவார் போலிருக்கு" என்றார் அக்கா.

கடைசிப் பதில் அடுத்த வாரம், அவர் இன்னும் யாரையும் சொல்லாமல் இருந்தபோது வந்தது. 'சார், இன்னிக்கு டெஸ்ட் பாஸ். கும்பகர்ணன் சார் நாலு கிளாஸும் தூங்கிட்டாரு. நானே மிதிச்சு மிதிச்சுப் பழகிட்டேன். அட்டை வந்ததும் கடை வேன்ல வரட்டுமா?'

அக்கா கண்ணாடியைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணா? வேணாண்டா. கண்ணு சரியாகி உயிர் போச்சுன்னா என்ன பண்றது?"

பிரேக் போனை வாங்கினார். கேட்டவர்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் கைமாற்றின் விதி. அவர் பேக்கரிப் பெண்ணின் பெயரை அழுத்தினார். ஏன் என்று அக்கா கேட்டார். "மெத்தையைப் பாத்தவ அவதான்" என்றார். அக்காவுக்குப் புரியவில்லை.

ஆபரேஷன் டாக்டர் சொன்னபடி அரை நாள் வேலைதான். வெளியே டிக்கெட் கவுன்ட்டர் அம்மா ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய கல்யாணப் போட்டோவையோ ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். பேக்கரிப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பிரேக் வாயைத் திறந்து, இப்பத்தான் என்று ஆரம்பித்தார். பிறகு வாங்கிப் பாதி பாட்டில் குடித்தார். உண்மையிலேயே தாகமாக இருந்தது.

வேனில் ரொட்டி வாசனை. முன்னால் இரண்டே இருக்கைகள்தான். அந்த அம்மாவைக் கூட்டிப் போக நீலக் கார் வந்தது. பிரேக் பேக்கரிப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஏறி பெல்ட்டைத் தடவிப் போட்டுக்கொண்டார். இடது கண்ணின் மேல் கட்டு. காலடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு, அதன் கீழே வெறும் தகடு.

முதல் சிக்னலில் அவருடைய வலது கால் விரிப்பை மிதித்தது. வேன் நிற்கவில்லை. பிறகு நின்றது, கோட்டைத் தொட்டுக்கொண்டு.

"மிதிச்சீங்களா சார்?"

"இல்லையே."

"சத்தம் கேட்டது."

மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி அணைந்து ஒரு முழம் பின்னால் உருண்டது. பின்னாலிருந்து எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தன. கிளட்ச் என்று சொல்ல வாய் வந்தது. வலது கண்ணால் அவளுடைய கையைப் பார்த்தார். ஹாண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தாள், ஸ்டீயரிங்கைப் பிசையவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். வேன் ஒரு தடவை இருமிவிட்டு மேலே ஏறியது.

"சார், காலை எடுங்க. விரிப்பு கிழிஞ்சா கடைக்காரர் என்னைக் கேப்பாரு."

காலை எடுத்து இருக்கையின் அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். இறங்கும்வரை அது அங்கேதான் இருந்தது, மரத்துப்போய்.

கட்டடத்தின் வாசலில் ஒரு சின்னக் கூட்டம். வேன் நின்றதும் கூட்டம் விலகியது. நடுவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலி. நாற்காலியில் அக்கா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நல்ல புடவையில்.

"எப்படிக்கா இறங்கின?"

"கேட்டேன், இறக்கினாங்க. நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. மீன்தொட்டிக்காரர் முன்னாடி கால், அவர் மச்சான் பின்னாடி கால். இரண்டாவது மாடித் திருப்பத்துல கொஞ்சம் சாய்ச்சுட்டாங்க. பரவால்ல." அக்கா அவருடைய கட்டை உற்றுப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்ல."

"எதிர்ல கடையெல்லாம் மாத்திட்டாங்கடா. தையல்கடை எங்க?"

"அது போயி நாலு வருஷமாச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பேக்கரிப் பெண் ஒரு ரொட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு, டெலிவரிக்கு நேரமாகிறது என்று வேனை எடுத்தாள். திருப்பத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. மீன்தொட்டிக்காரரும் மச்சானும் மட்டும் வாசல் கேட் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ரெண்டு பேரும் மேல போகணும்" என்றார் அக்கா. "எனக்கு முழங்கால், நீ குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. நீ கேக்கறியா, நான் கேக்கட்டுமா?"

பிரேக் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஒற்றைக் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கலங்கின. அதை மறுபடியும் பைக்குள் போட்டார். கேட் பக்கம் திரும்பினார்.

"ஏங்க" என்று கூப்பிட்டார். குரல் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்தது. "கொஞ்சம் கை குடுக்கறீங்களா?"